பற்றீரியாவின் வெளிமென்சவ்வு எப்படி எழும்புகிறது: தாளில் கீறிக்கொண்டே விளங்கிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் உயர்தர வகுப்பு ஒன்றில் கிராம் எதிர் பற்றீரியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் இரண்டு மென்சவ்வுகளைக் கீறி, வெளியில் இருக்கிறதுக்கு மேல் நாலைந்து நெளிந்த வால்களைப் போட்டு, "இதுதான் இலிப்போபல்சக்கரைட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குத் திரும்பும்போது பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், உதைக் கலத்துக்குள்ளதானே செய்யிறது? பிறகு ஆர் சேர் அதை வெளியில கொண்டுபோய் நட்டு வைக்கிறது? வெளியில ஏரீபீயும் இல்லையே."

அந்த ஒரு கேள்விக்குள் இந்த விடயம் முழுவதும் இருக்கிறது. அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் சொன்ன பதில் எனக்குத் திருப்தியாக இல்லை, அதனால் ஆறுதலாக, ஒரு படியையும் விடாமல் இங்கே எழுதுகிறேன். ஒரு ஏ4 தாள், இரண்டு நிறப் பேனைகள், ஒரு பென்சில் எடுத்து வையுங்கள். வாசித்துக்கொண்டு போகும்போதே கீறினால்தான் இது மனதில் நிற்கும்.

சொற்களைப் பற்றி ஒன்று. எங்கட பாடப்புத்தகச் சொற்களையே பாவிக்கிறேன். கலம் என்றால் செல், நொதியம் என்றால் என்சைம், ஏரீபீ என்றால் கலத்துக்குச் சக்தி குடுக்கிற மூலக்கூறு, வெல்லம் என்றால் குளுக்கோசு மாதிரியான சர்க்கரைகள். இலிப்போபல்சக்கரைட்டு என்றால் கொழுப்பும் வெல்லச் சங்கிலியும் சேர்ந்த மூலக்கூறு, அதை ஒவ்வொரு முறையும் முழுதாக எழுத முடியாது, எல்பிஎஸ் என்று சுருக்குகிறேன். உதாரணப் பற்றீரியா முழுக்க ஈ.கோலை. இந்த வேலைகளில் பெரும்பகுதி அதிலும் சல்மொனெல்லாவிலும்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

படி 1: முதலில் வளவைக் கீறுங்கள்

தாளின் அடியில் நல்ல பெரிய வெளி விடுங்கள். அது கலத்தின் உள்ளே. அதற்கு மேல் இரண்டு சமாந்தரக் கோடுகள் உள்மென்சவ்வு. அதற்கும் மேலே நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, நடுவே ஒரு மெல்லிய வலையைக் கீறுங்கள், அது பெப்ரிடோகிளைக்கன் என்ற கலச்சுவர். அந்த இடத்துக்குப் பெயர் பெரிபிளாசம், உண்மையில் ஏறத்தாழ 20 நனோமீற்றர் அகலம். பிறகு திரும்பவும் இரண்டு சமாந்தரக் கோடுகள், அதுதான் வெளிமென்சவ்வு.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்ரியன் கிராம் 1884இல் தன் சாயமிடும் முறையை வெளியிட்டபோது இந்த இரண்டாவது மென்சவ்வு இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. சில பற்றீரியாக்களில் ஊதாச் சாயம் அற்ககோலில் கழுவுப்பட்டுப் போகிறது, சிலவற்றில் நிற்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. கழுவுப்பட்டுப் போகிற கூட்டம்தான் கிராம் எதிர், சாயம் நிற்கிற கூட்டம் கிராம் நேர்.

இதை எங்கட ஊர் வளவு ஒன்றாக நினைத்துப் பாருங்கள். வீட்டுச் சுவர் உள்மென்சவ்வு. முற்றம் பெரிபிளாசம். வேலி வெளிமென்சவ்வு, வேலியில் இருக்கும் படலை பிறகு வரப்போகிற 'போரின்' என்ற புரதம். இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று: கறன்ட் வீட்டுக்குள் மட்டும்தான். முற்றத்தில் ஒரு பிளக் கூட இல்லை. ஏரீபீ பெரிபிளாசத்திலும் இல்லை, வெளிமென்சவ்விலும் இல்லை. கிடுகு பின்னுவது வீட்டுக்குள், அடைக்க வேண்டியது வேலியில், நடுவில் சக்தி இல்லாத முற்றம். பின் வாங்குப் பிள்ளை கேட்டது இதைத்தான்.

இப்போது வெளிமென்சவ்வின் இரண்டு கோடுகளையும் வேறு வேறு நிறத்தில் தடிப்பாக்குங்கள். முற்றத்தைப் பார்க்கிற பக்கம் பொசுபோ இலிப்பிட்டு. வெளி உலகத்தைப் பார்க்கிற பக்கம் எல்பிஎஸ். சாதாரண மென்சவ்வு என்றால் இரண்டு பக்கமும் பொசுபோ இலிப்பிட்டுத்தான் இருக்கும், இங்கே இரண்டு பக்கமும் வெவ்வேறு. 1970களின் நடுப்பகுதியில் இது தெளிவானது. அதற்கு முன்பே, 1972இல், மேரி ஜேன் ஒஸ்போர்னின் குழு சுக்குரோசுக் கரைசலில் மையநீக்கம் செய்து உள், வெளி மென்சவ்வுகளை இரண்டு பட்டைகளாகப் பிரித்துக் காட்டிவிட்டது. எல்பிஎஸ்ஸும் புரதமும் செறிந்த வெளிமென்சவ்வு கனம் கூடியது, அது கீழே போய் நின்றது.

படி 2: ஒரு எல்பிஎஸ்ஸைத் தனியாகக் கீறுங்கள்

தாளின் ஓரத்தில் பெரிதாக ஒன்று கீறுங்கள். மூன்று துண்டு.

அடித்துண்டு இலிப்பிட்டு ஏ. இரண்டு குளுக்கோசமீன் வெல்லங்கள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொசுபேற்று, கீழே தொங்குகிற ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள். பொசுபோ இலிப்பிட்டுக்கு இரண்டு கால் என்றால் இதற்கு ஆறு கால். அந்த ஆறில் ஐந்து 14 காபன் நீளம் (அவற்றில் நான்கு ஐதரொட்சில் உள்ளவை), ஒன்று 12 காபன்.

இதை வகுப்பில் சொல்லும்போது நான் சமையலறையைத்தான் காட்டுவேன். 12 காபன் இலோரிக் அமிலம், 14 காபன் மிரிஸ்ரிக் அமிலம், இரண்டும் தேங்காய் எண்ணெயில் கனக்க இருக்கிறவை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி இலோரிக் அமிலம்தான். மார்கழி விடியலில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் வெள்ளையாக இறுகிக் கிடந்து விழாமல் நிற்குமே, அது ஏன்? இந்தச் சங்கிலிகள் நிரம்பியவை, வளைவில்லாதவை, ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்குப்படும். இலிப்பிட்டு ஏயின் ஆறு காலும் அப்படித்தான் இறுக்கமாக அடுக்குப்படுகின்றன. வெளிப்பக்கம் சாதாரண மென்சவ்வைப் போலத் தளதளவென்று ஓடாமல் கெட்டியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஈ.கோலையை 12 பாகை செல்சியசில் வளர்த்தால் அது அந்த 12 காபன் சங்கிலிக்குப் பதிலாக, வளைவுள்ள 16 காபன் சங்கிலி ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. குளிரில் அளவுக்கு மிஞ்சி இறுகாமல் இருக்க அது செய்கிற வேலை.

நடுத்துண்டு பத்து வெல்லம் அளவில் வரும் ஒரு சிறு கிளை. அடியில் கேடீஓ என்ற 8 காபன் வெல்லம் இரண்டு, அதற்கு மேல் 7 காபன் ஹெப்ரோசுகள், பிறகுதான் எங்களுக்குப் பழக்கமான குளுக்கோசு, கலக்ரோசு.

மேல்துண்டு ஓ அன்ரிஜன். சில வெல்லங்கள் சேர்ந்த ஒரு அலகு, அது திரும்பத் திரும்ப வரும், சில பற்றீரியாக்களில் நூறு தடவைக்கு மேலும் வரும். பற்றீரியாவுக்குப் பற்றீரியா மாறுகிறது இதுதான்.

படி 3: வீட்டுக்குள் இலிப்பிட்டு ஏ செய்வது

இதில் 9 நொதியங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. இந்தப் பாதையைத் துலக்கியவர்களில் முதன்மையானவர் கிறிஸ்ரியன் ரேட்ஸ், டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2011இல் காலமானார். பாதைக்கே அவர் பெயர்தான். ஒன்பதின் பெயரையும் பாடமாக்கச் சொல்லமாட்டேன். முதல் இரண்டையும் ஆழமாக விளங்கிக்கொண்டால் போதும், மிச்சம் தானாக வரும்.

தொடங்குகிற பொருள் யூடீபீ என்ற நியூக்கிளியோரைட்டு ஏற்றிய அசற்றைல் குளுக்கோசமீன். கவனியுங்கள், பெப்ரிடோகிளைக்கன் வலை பின்னுவதற்கும் இதே பொருள்தான் வேண்டும். ஒரு களஞ்சியத்து அரிசி, இரண்டு அடுப்பு.

முதல் நொதியம் எல்பிஎக்ஸ்-ஏ. ஒரு காவிப் புரதத்தில் ஏறி வருகிற 14 காபன் சங்கிலியை எடுத்து அந்த வெல்லத்தில் கொழுவுகிறது. இது எப்படிச் சரியாக 14ஐ எண்ணுகிறது? நொதியத்துக்குள் ஒரு நீண்ட குழி இருக்கிறது, சங்கிலி அதற்குள் நீட்டி நிற்கவேண்டும், அடியில் ஒரு அமினோ அமிலம் தட்டுப்பட்டு "இதுக்கு மேல போகாது" என்று நிறுத்துகிறது. சூடோமோனாசு என்ற பற்றீரியாவில் அந்தக் குழி ஆழம் குறைவு, அங்கே 10 காபன் சங்கிலிதான் பொருந்தும். ஆய்வாளர்கள் ஈ.கோலையின் நொதியத்தில் ஒரேயொரு அமினோ அமிலத்தை, கிளைசீனை எடுத்துவிட்டு மெதியோனீனை, மாற்றினார்கள். குழி ஆழம் குறைந்தது, அது 14ஐ விட்டு 10ஐத் தெரியத் தொடங்கிவிட்டது. ஒரு மேசன் தன் அளவுகோலை ஒரு இடத்தில் வெட்டினால் எழும்புகிற சுவர் முழுக்க மாறுமே, அது மாதிரி.

ஆனால் இந்த முதல் தாக்கம் இலகுவாகப் பின்னுக்கும் திரும்பும். திரும்ப முடியாத இடம் இரண்டாவது நொதியம், எல்பிஎக்ஸ்-சி. நாக அயன் ஒன்றை வைத்துக்கொண்டு அது அசற்றைல் கூட்டத்தை வெட்டி எறிகிறது. வெட்டினால் வெட்டியதுதான். அதனால் கலம் முழு உற்பத்தியையும் இந்த இடத்தில்தான் பிடித்து வைத்திருக்கிறது. படத்தில் இந்த இடத்தில் ஒரு திறாங்குக் குறி போடுங்கள்.

இந்தத் திறாங்கு ஏன் தேவை? அந்த 14 காபன் சங்கிலி எல்பிஎஸ்ஸுக்கும் போகலாம், நீண்டு பொசுபோ இலிப்பிட்டுக்கும் போகலாம். எல்பிஎக்ஸ்-சி கூடிப்போனால் எல்பிஎஸ் மிஞ்சும், பொசுபோ இலிப்பிட்டுக்குத் தட்டுப்பாடு வரும், பெரிபிளாசத்துக்குள் தேவையில்லாத மென்சவ்வுச் சுருள்கள் உருவாகிக் கலம் செத்துப்போகும். இதைத் தடுக்க எஃப்ரிஎஸ்-எச் என்ற புரதவெட்டி எல்பிஎக்ஸ்-சியை ஓயாமல் வெட்டித் தின்கிறது. எவ்வளவு தின்ன வேண்டும் என்று எப்படித் தெரியும்? 2020இல் பல குழுக்கள் ஒரே காலத்தில் இதற்கு விடை சொன்னார்கள். வையீஜே-எம் என்ற உள்மென்சவ்வுப் புரதம், அனுப்பப்படாமல் உள்மென்சவ்வின் முற்றப் பக்கத்தில் தேங்கி நிற்கிற எல்பிஎஸ்ஸைத் தடவிப் பார்க்கிறது. தேங்கினால், அந்தப் புரதவெட்டி வேகமாக வேலை செய்ய வழி விடுகிறது. வேலி அடைத்து முடியாமல் விறாந்தையில் கிடுகு குவிந்து கிடக்கிறதைப் பார்த்து உள்ளே "இப்ப பின்னாதேங்கோ" என்று சொல்கிற ஆள் அது.

மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன். இன்னொரு 14 காபன் சங்கிலி ஏறும். அப்படிச் செய்த மூலக்கூறுகளில் சிலவற்றில் இருந்து யூஎம்பீ (யூடீபீயின் ஒரு துண்டு) கழன்று போகும். கழன்ற ஒன்றையும் கழராத ஒன்றையும் சேர்த்தால் இரட்டை வெல்லம் கிடைக்கும், இப்போது நாலு கால். மற்ற முனைக்கு ஒரு பொசுபேற்று. பிறகு இரண்டு கேடீஓ வெல்லங்கள். கடைசியாக 12 காபன் சங்கிலி, அதன் பின் 14 காபன் சங்கிலி. ஆறு கால் ஆயிற்று. கேடீஓ ஏறினால்தான் ஈ.கோலையில் அந்தக் கடைசி இரண்டு கால்களும் ஒழுங்காக ஏறும், ஆகவே வரிசையை மாற்றிக் கீற வேண்டாம்.

படி 4: நடுத்துண்டு, பிறகு ஒரு குத்துக்கரணம்

நடுத்துண்டு வெல்லங்கள் ஒவ்வொன்றாக, வீட்டுக்குள்ளேயே, உள்மென்சவ்வின் உட்பக்கத்தில் வைத்து ஏற்றப்படுகின்றன. இப்போது மூலக்கூறு வீட்டைப் பார்த்தபடி நிற்கிறது. அது முற்றத்தைப் பார்க்கத் திரும்ப வேண்டும். எம்எஸ்பி-ஏ என்ற புரதம் ஏரீபீயை உடைத்து அதைப் புரட்டிவிடுகிறது. வெல்லத் தலையை உள்ளே பிடித்து, கால்களை மென்சவ்வுக்குள் வைத்தபடி, மறுபக்கத்துக்குத் திருப்புகிறது. படத்தில் உள்மென்சவ்வின் அடிக்கோட்டில் இருந்து மேற்கோட்டுக்கு ஒரு வளைந்த அம்புக்குறி.

படி 5: பக்கத்து அறையில் ஓ அன்ரிஜன்

ஓ அன்ரிஜன் இதே இடத்தில் செய்யப்படுவதில்லை. அதற்குத் தனிக் காவி இருக்கிறது, 55 காபன் நீளமான ஒரு இலிப்பிட்டு. பெப்ரிடோகிளைக்கனுக்கும் அதே காவிதான். அந்தக் காவியில் ஒரு அலகு செய்து, டபிள்யூஇசட்-எக்ஸ் அதைப் புரட்டி முற்றப் பக்கம் விடும். அங்கே டபிள்யூஇசட்-வை அலகுகளைத் தொடுக்கும், எவ்வளவு நீளம் என்பதை இன்னொரு புரதம் கட்டுப்படுத்தும். முடிந்ததும் வா-எல் என்ற நொதியம் சங்கிலி முழுவதையும் தூக்கி, ஏற்கனவே புரண்டு வந்து நிற்கிற இலிப்பிட்டு ஏ, நடுத்துண்டு மேல் ஒட்டிவிடும். இதற்கு ஏரீபீ வேண்டாம், காவியோடு இருந்த பிணைப்பிலேயே வேண்டிய சக்தி இருக்கிறது. சக்தியை வீட்டுக்குள்ளேயே பிணைப்பில் ஏற்றி அனுப்புவது ஒரு வழி என்று இங்கே குறித்து வையுங்கள்.

நெருப்புக்காய்ச்சல் என்று எங்கட ஊரில் சொல்கிற தைபொயிட்டைத் தெரியாத குடும்பம் இங்கே குறைவு. என்னுடைய அம்மாவுக்கு வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. இரத்தப் பரிசோதனைத் துண்டில் "வைடால்" என்று எழுதி, அதற்குக் கீழே ஓ, எச் என்று இரண்டு வரி, பக்கத்தில் 1:160 மாதிரி எண்கள். அந்த ஓவும் எச்சும் என்ன என்று அப்போது ஒருவரும் சொல்லித்தரவில்லை. பெர்னாண்ட் வைடால் 1896இல் கொண்டுவந்த அந்தச் சோதனை, நோயாளியின் இரத்தத்தில் இருக்கிற பிறபொருளெதிரிகள் சல்மொனெல்லாவைத் திரட்சியாக்குகின்றனவா என்று பார்க்கிறது. எச் என்பது பற்றீரியா நீந்தப் பாவிக்கிற சவுக்குமுளைக்கு எதிரானது. ஓ என்பது நீங்கள் இப்போது கீறிய இந்த மேல்துண்டுக்கு எதிரானது. அம்மாவின் உடம்பு அந்த வெல்லச் சங்கிலியைப் பார்த்து அடையாளம் பிடித்திருந்தது.

ஓ அன்ரிஜன் இல்லாமலும் பற்றீரியா உயிர் வாழும். ஆய்வுகூடங்களில் எல்லாரும் வளர்க்கிற ஈ.கோலை கே-12க்கு அது இல்லை. அகர் தட்டில் வளர்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஓ அன்ரிஜன் உள்ள சல்மொனெல்லாக் கூட்டங்கள் வழுவழுப்பாக, ஓரம் ஒழுங்காக, மழைத்துளி விழுந்தது போல மினுங்கும். அது இல்லாதவை சொரசொரப்பாக, ஓரம் பிய்ந்து, பொலிவில்லாமல் கிடக்கும்.

படி 6: முற்றத்தைக் கடப்பது

இங்கேதான் நாங்கள் வரவேண்டி இருந்தது. ஆறு எண்ணெய்க் கால்கள் உள்ள மூலக்கூறு தண்ணீர் நிறைந்த பெரிபிளாசத்தைக் கடக்க வேண்டும். அதைத் தனியே விட்டால் தன்னைத்தானே பிசைந்து திரளாகிவிடும். கடந்து போனாலும் வெளிமென்சவ்வின் உட்பக்கத்தில் தங்காமல் வெளிப்பக்கத்தில் போய் இருக்க வேண்டும். அதுவும் ஒன்று இரண்டு இல்லை. ஒரு ஈ.கோலைக் கலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் எல்பிஎஸ் இருக்கிறது. நல்ல சாப்பாடு கிடைத்தால் அது 20 நிமிடத்தில் இரண்டாகும். பிரித்துப் பாருங்கள், நிமிடத்துக்கு ஐம்பதாயிரம்.

இதற்கு ஏழு புரதங்கள், எல்பிரீ-ஏ முதல் ஜி வரைக்கும். படத்தில் இப்படி வையுங்கள். உள்மென்சவ்வுக்குள் எஃப், ஜி பக்கத்தில் பக்கத்தில். அவற்றுக்குக் கீழே, வீட்டுக்குள், பி இரண்டு. உள்மென்சவ்வில் ஊன்றி முற்றத்துக்கு நீட்டி நிற்கிறது சி. அதற்கு மேல் ஏ, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பாலம் மாதிரி. வெளிமென்சவ்வில் டி ஒரு பீப்பா, அந்தப் பீப்பாவுக்குள் செருகின தக்கை மாதிரி ஈ. மெல்லிய வலையைத் துளைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளிவரை ஒரே தொடர்.

சி, ஏ, டியின் அடி மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான், உட்பக்கம் எண்ணெய்த் தன்மையான ஒரு தவாளிப்பு. ஒன்றின் முனை மற்றதன் முனையில் பொருந்த, தவாளிப்பும் தொடர்ந்து போகும். எல்பிஎஸ்ஸின் கால்கள் தவாளிப்புக்குள் தண்ணீர் படாமல் ஒளிந்திருக்கும், வெல்லத் தலை வெளியே தண்ணீரில் நீட்டிக்கொண்டு போகும்.

சக்தி? பி இரண்டும் வீட்டுக்குள் இருக்கின்றன, ஏரீபீ அங்கே கிடைக்கும். எஃப், ஜி இரண்டுக்கும் நடுவில் ஒரு குழி, உள்மென்சவ்வில் நிற்கிற எல்பிஎஸ் பக்கவாட்டாக அதற்குள் வந்து நிற்கும். ஏரீபீ வந்து ஒட்டியதும் பி இரண்டும் நெருங்கும், மேலே குழி சுருங்கும், உள்ளே நின்ற எல்பிஎஸ் பிதுங்கி சியின் தவாளிப்புக்குள் ஏறும். ஏரீபீ உடைந்ததும் குழி திரும்ப விரியும், அடுத்தது வந்து நிற்கும். அது ஏறும்போது முன்னால் நிற்கிறதைத் தள்ளும், அது அதற்கு முன்னால் நிற்கிறதைத் தள்ளும்.

குழல் புட்டு அவித்து இறக்கினதும் அம்மா குழலைக் கோப்பைக்கு நேராகச் சரித்துப் பிடித்து, அடியில் அகப்பைக் காம்பைக் குடுத்து மெல்லத் தள்ளுவார். தள்ளுகிற கை அடியில். மேலே ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் மேல்வாயில் இருந்து புட்டு ஒரு துண்டு, தேங்காய்ப்பூ ஒரு வரி, திரும்பப் புட்டு என்று ஒழுங்காக வந்து விழும். குழலுக்குள் இடைவெளியில்லாமல் நிறைந்திருப்பதால்தான் அடித் தள்ளல் மேல்வாய் வரை போகிறது. எல்பிரீ தொடரும் அப்படித்தான். தள்ளுவது வீட்டுக்குள், விழுவது வேலிக்கு வெளியே. அந்தப் பிள்ளைக்கான பதில் இதுதான்: வெளியில் ஒருவரும் தள்ளுவதில்லை, உள்ளே இருந்து வருகிற தள்ளலே பாலம் முழுவதும் கடந்து போகிறது.

இதை நிறுவியது பெரும்பாலும் ஹாவார்டில் டானியல் கானின் குழுவும் பிரின்ஸ்ரனில் தோமஸ் சில்ஹாவியின் குழுவும். ஏரீபீ வீட்டுக்குள் உடைவதுதான் பெரிபிளாசத்தைக் கடக்க வைக்கிறது என்று 2012இல் காட்டினார்கள். 2018இல் இன்னும் ஒரு படி மேலே: உயிருள்ள கலமே இல்லாமல், இரண்டு வகைச் செயற்கைக் கொழுப்புக் குமிழிகள் செய்து, ஒன்றில் உள்மென்சவ்வுப் புரதங்களையும் மற்றதில் டி, ஈயையும் வைத்து, நடுவில் எல்பிரீ-ஏயைப் போட்டார்கள். குமிழிகள் பாலத்தால் இணைந்தன, எல்பிஎஸ் ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போனது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பரிசோதனை அது. வேண்டிய சாமான்களை மட்டும் வைத்து வேலி அடைபடுவதைக் காட்டிவிட்டார்கள்.

கடைசி அடி டி. 2014இல் இதன் உருவம் வெளியானது, 26 இழைகளால் ஆன பெரிய பீப்பா. பீப்பாவின் முதல் இழையும் கடைசி இழையும் சந்திக்கிற மூட்டு இறுக்கமில்லாதது. எல்பிஎஸ்ஸின் கால்கள் பீப்பாவுக்குள் போகாமல் நேராக மென்சவ்வின் எண்ணெய்ப் பகுதிக்குள் நழுவும், வெல்லத் தலை பீப்பாவின் நடுவால் மேலே ஏறும், பிறகு அந்த மூட்டு விலகி மூலக்கூறு முழுவதும் பக்கவாட்டாக வெளிப்பக்கத்தில் இறங்கும். படத்தில் டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு திறப்பைக் கீறுங்கள்.

படி 7: மற்றச் சாமான்கள்

வெளிமென்சவ்வின் உட்பக்கத்துக்குப் பொசுபோ இலிப்பிட்டும் வேண்டும். அவற்றைக் கொண்டுபோவதில் வையெச்டி-பி, டாம்-பி, வைடிபி-எச் என்ற மூன்று நீளப் புரதங்களுக்குப் பங்கு உண்டென்று 2021இல் தெரிய வந்தது, அவையும் முற்றத்தின் குறுக்கே நீட்டிக்கிடக்கிற தவாளிப்புகள். மூன்றும் இல்லாவிட்டால் கலம் பிழைக்காது.

படலைகள், அதாவது போரின்கள், பாம் என்ற ஐந்து புரதக் கூட்டத்தால் மடித்துச் செருகப்படுகின்றன. எல்பிரீ-டியையும் வெளிமென்சவ்வில் செருகுவது இதே பாம்தான். ஏறத்தாழ 600 டால்ரனுக்கு (மூலக்கூற்றின் நிறையைச் சொல்கிற அலகு) குறைந்த, தண்ணீரில் கரைகிற பொருட்கள்தான் இந்தப் படலையால் நுழையும். அமொக்சிசிலின் 365, அது போகும். வன்கோமைசின் 1450 அளவு, போகாது. கிராம் நேர் பற்றீரியாக்களுக்குக் குடுக்கிற வன்கோமைசின் ஈ.கோலைக்குப் பலிக்காததற்குக் காரணம் இந்த வேலிதான்.

படி 8: கட்டுக்கயிறு

கிடுகை வைத்தால் மட்டும் வேலி நிற்காது, கட்ட வேண்டும். எல்பிஎஸ் ஒவ்வொன்றிலும் எதிரேற்றம் உள்ள பொசுபேற்றுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் மகனீசியம், கல்சியம் அயன்கள் நின்று இரண்டு பக்கத்துப் பொசுபேற்றையும் பிடித்துக்கொள்கின்றன. படத்தில் எல்பிஎஸ்களுக்கு இடையே நேர்க்குறியோடு சின்னப் புள்ளிகள் வையுங்கள்.

கல்சியம் எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலுக்குள் பாருங்கள், அடியில் வெள்ளையாக ஓடு மாதிரிப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் மணல் போலக் கழரும். தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். புளியின் அமிலம் கல்லைக் கரைக்கிறது, அதில் இருக்கிற சித்திரேற்று கல்சியத்தைக் கவ்வி வைத்துக்கொள்கிறது. ஈடீரீஏ என்ற பொருள் அதே கவ்வலை இன்னும் பலமாகச் செய்யும். 1965இல் லொறெற்றா லீவ் ஈ.கோலைக்கு ஈடீரீஏயைக் குடுத்துப் பார்த்தார். கட்டுக்கயிறு போனது, எல்பிஎஸ்ஸில் பாதியளவு கழன்று வெளியே வந்தது, முன்பு நுழைய முடியாத மருந்துகள் நுழைந்தன.

கொலிஸ்ரின் என்ற கடைசிக்கட்ட மருந்து வேலை தொடங்குவதும் இந்த இடத்தில்தான். நேரேற்றம் கூடிய அது கல்சியத்தையும் மகனீசியத்தையும் தள்ளிவிட்டுப் பொசுபேற்றில் ஒட்டி மென்சவ்வைக் குலைக்கிறது. தப்பிக்கிற பற்றீரியா தன் பொசுபேற்றில் நேரேற்றமுள்ள ஒரு கூட்டத்தைப் போர்த்திக்கொள்கிறது. 2015இல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டீஎன்ஏ வளையத்தில் ஏறி ஒரு பற்றீரியாவில் இருந்து மற்றதுக்குத் தாவக்கூடியதாக, கண்டுபிடிக்கப்பட்டபோது மருத்துவ உலகம் பதறியதற்குக் காரணம் இதுதான்.

படி 9: பராமரிப்பு

பொசுபோ இலிப்பிட்டு எப்போதாவது வெளிப்பக்கத்துக்கு ஏறிவிட்டால் அந்த இடம் ஓட்டை. மூன்று ஆட்கள் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். எம்எல்ஏ என்ற புரதக் கூட்டம் அதைப் பிடுங்கி எடுக்கிறது. பிஎல்டி-ஏ அதை அந்த இடத்திலேயே வெட்டுகிறது. பாக்-பி அதன் ஒரு காலைக் கழற்றிப் பக்கத்து எல்பிஎஸ்ஸில் ஏழாவது காலாக மாட்டிவிடுகிறது.

படி 10: அழித்துப் பாருங்கள்

படம் சரியா என்று பார்க்க, ஒவ்வொன்றாக அழிறப்பரால் அழித்து என்ன நடக்கும் என்று சொல்லிப் பாருங்கள். எல்பிரீ-டியை முழுக்க அழித்தால் ஈ.கோலை சாகும். அரைகுறையாகப் பழுதாக்கினால்? 1989இல் அப்படி ஒரு விகாரி கிடைத்தது, வேலியில் பொத்தல் விழுந்து வன்கோமைசின் கூட உள்ளே போனது. எல்லாப் பற்றீரியாவுக்கும் இது ஒன்றுபோல் இல்லை, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நைசீரியா மெனிஞ்சைற்றிடிஸ் எல்பிஎஸ்ஸே இல்லாமலும் வளரும் என்று 1998இல் காட்டினார்கள்.

கொதிக்க வைத்துப் பற்றீரியாவைக் கொன்றாலும் இலிப்பிட்டு ஏ அழியாது என்பதையும் எழுதி வையுங்கள். ரிச்சர்ட் ஃபைஃபர் 1892இல் வாந்திபேதிக் கிருமியில் இதைக் கண்டு உள்நஞ்சு என்று பெயர் வைத்தார். எங்கட கலங்களில் அதை உணர்கிற வாங்கி ரீஎல்ஆர்-4 என்று 1998இல் கண்ட புரூஸ் பொய்ட்லருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாளத்துக்குள் ஏற்றுகிற சேலைன் கிருமியில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, அதில் இது இருக்கவும் கூடாது. கண்ணாடிப் போத்தலில் ஒட்டியிருப்பதை அழிக்க 250 பாகையில் அரை மணித்தியாலம் உலர் வெப்பம் வேண்டும்.

கடைசியாகச் சிவப்புப் பேனையை எடுத்து, உள்மென்சவ்வில் எஃப், ஜிக்கு நடுவே இருக்கும் அந்தக் குழிக்குப் போங்கள். 2024 தொடக்கத்தில் சொசுராபல்பின் என்ற புதிய மருந்தைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருந்துக்கு அடங்காமல் நிற்கிற அசினற்றோபக்ரர் என்ற பற்றீரியாவை அது கொல்லுகிறது. அந்தக் குழிக்குள் எல்பிஎஸ் வந்து நிற்கும் நேரத்தில், புரதத்தையும் எல்பிஎஸ்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. எல்பிஎஸ் மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது, குழலின் அடியிலேயே புட்டு இறுகிவிடும். அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.